கண் சிமிட்டும் விளக்கு

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் பெரியோர். எங்கள் தாத்தாவின் அம்பாசடர் காருக்கு அப்படியோர் அச்சாணியாக விளங்கியது ஒரு சிறிய சுவிட்ச். ஸ்டியரிங் தண்டில் பொருத்தப்பட்டு, வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதை விளக்கால் அறிவிக்கும் இன்டிகேட்டர் சுவிட்ச்தான் அது.

பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவானது அம்பாசடர். 2014-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் 1984-இல் தாத்தா வாங்கிய வண்டி இன்றும் ஓடுகிறது. மூட்டுவலியால் பஸ் படி ஏற இயலாத பாட்டி, ஞாயிறு அதிகாலைத் திருப்பலிக்குச் செல்வது அதில்தான்.

பல்லாண்டு உழைப்பால் சுவிட்சின் செப்புத் தகடுகள் தேய்ந்துபோயின. தாத்தா கையால் சைகை காட்டி ஓட்டினார். வலப்பக்கம் திரும்ப வலக்கையை நீட்டுவார். இடப்பக்கம் திரும்ப அதே கையை வட்டமாகச் சுழற்றுவார். பகலில் சரி, விடியாத இருட்டில் யார் காண்பார்? "எடைக்குப் போட்டுவிடலாம்" என்றார் சித்தப்பா. பாட்டி ஒன்றும் பேசாமல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாகத் தேடி ஒரு சுவிட்சை வாங்கி வந்தார். தாத்தாவுக்கு விரல் நடுக்கம். ஆகவே, அவர் சொல்லச் சொல்ல நான் வேலை செய்தேன். வயர்கள் உரசித் தீப்பொறி பறக்காதிருக்க, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். ஸ்டியரிங் சக்கரமும் தண்டும் சேருமிடத்தில் சாக்பீஸால் கோடிட்டேன். திரும்ப மாட்டும்போது அக்கோடு பொருந்தாவிடில், வண்டி நேரே சென்றாலும் சக்கரம் கோணலாக நிற்குமாம். சக்கரத்தை எடுத்து, ஒவ்வொரு வயரிலும் அடையாளச் சீட்டு ஒட்டிய பின்னரே பழைய சுவிட்சைக் கழற்றினேன்.

உள்ளே கண்டது வியப்பளித்தது. திருப்பம் முடிந்து சக்கரம் நேராகும்போது, தண்டோடு சுழலும் ஒரு புடைப்பு சுவிட்சின் சிறு நாக்கைத் தட்டுகிறது. கைப்பிடி தானே நடுவுக்கு வந்துவிடுகிறது! விளக்கைச் சிமிட்டச் செய்வது பிளாஷர் என்னும் சிறு டப்பி. வகுப்பில் படித்த மின்னோட்டத்தின் வெப்ப விளைவே அங்கும் வேலை செய்கிறது. உள்ளிருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. ஆறியதும் மீண்டும் சேர்க்கிறது. ஒரு பல்பு எரிந்துபோனால் அந்த 'டிக், டிக்' ஓசையின் தாளமே மாறிவிடும்.

புதிய சுவிட்சைப் பொருத்தியபின், சக்கரத்தின் நட்டை அப்பா இறுக்கிச் சரிபார்த்தார். பேட்டரியை இணைத்துக் கைப்பிடியைத் தள்ளினேன். டிக், டிக்!

"பின்விளக்கு உனக்குத் தெரிகிறதா, கண்ணு?" என்றார் தாத்தா.

"இல்லை தாத்தா."

"தெரியாது. அது நமக்காக இல்லை, பின்னால் வருகிறவர்களுக்காக."

அடுத்த ஞாயிறு பாட்டி கோயிலுக்குப் போனார். அன்புத் தோழியரே, விடியலில் சைக்கிளில் வரும் பால்காரரும் பேப்பர் போடும் தம்பியும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. நம் விளக்கைத்தான் பார்க்கிறார்கள். முன்பின் அறியாத அவர்களும் நம் அயலார் அல்லவா? அவர்கள் பத்திரமாக வீடு சேர நாம் செய்யும் சிறு உதவியும் பிறரன்பே ஆகும்.