கறுப்புத் திரை கடுப்பேத்துதா பாஸ்?

உங்க கையாலேயே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் தயார் பண்ணி, பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் செருகி, பவர் பட்டனை அமுக்குறீங்க. என்ன வரும்? முதல் முறை பண்றவங்களுக்கு அநேகமாக... கறுப்புத் திரை! மூலையில் மினுக் மினுக்னு ஒரு கோடு. அம்புட்டுதான்!

உடனே ஃப்ரெண்டுக்கு போன் போட்டு, "மச்சி, ஒர்க் ஆகல"ங்கறோம். அவன் "என்னடா ஆச்சு?"ன்னு கேட்டா, மறுபடியும் "ஒர்க் ஆகலடா"தான். பாஸ், 'ஒர்க் ஆகல'ங்கறது தகவலே இல்லை. டாக்டர்கிட்ட போய் 'உடம்பு சரியில்லை'ன்னு மட்டும் சொன்னா அவர் எந்த மாத்திரையை எழுதுவார்? எங்கே வலிக்குதுன்னு சொல்லணும்ல? இங்கேயும் மேட்டர் அதேதான். வண்டி எந்த ஸ்டாப்பில் நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சுட்டா, பாதி ரிப்பேர் முடிஞ்ச மாதிரி!

'எதுக்கு இந்த வேண்டாத வேலை?'ன்னு கேக்கறீங்களா? நான் படிச்ச காலேஜில் நிறையப் பேர்கிட்ட லேப்டாப் கிடையாது. லேபை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க. அதுக்கப்புறம் புரோகிராம் எல்லாம் பேப்பரில்தான் ஓடும்! மொத்த சிஸ்டமும் பென் டிரைவிலேயே இருந்தால் கதையே வேற. சித்தப்பா கடை கம்ப்யூட்டரோ, பக்கத்து வீட்டு அண்ணனோட பழைய டப்பாவோ, எதில் செருகினாலும் அந்த நேரத்துக்கு அது உங்க கம்ப்யூட்டர். உங்க சி கம்பைலர், உங்க பைத்தான், உங்க தமிழ் ஃபான்ட் எல்லாம் ரெடி. நீங்களா போய்க் கை வைக்காத வரை, அவங்க ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது அப்படியே இருக்கும்.

இது புது ஐடியாவும் இல்லை. ஜெர்மனிக்காரர் க்ளாஸ் நாப்பர் 2000-ல் சிடியிலிருந்தே ஓடும் 'நாப்பிக்ஸ்' லினக்ஸைக் கொடுத்து உலகத்தை அசத்தினார். நம்ம ஊர் சி-டாக் 2007-ல் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது (நான் உங்களைக் கூப்பிடுற பாஸ் இல்லை, பாஸ்!). இந்த ரெண்டுக்குமே அடித்தளம் டெபியன். அதனால் நாங்க நாலு பேர் சேர்ந்து ஜூனியர்களுக்கு ஒரு இமேஜ் கட்டலாம்னு முடிவு பண்ணினப்போ, டெபியனின் 'லைவ்-பில்ட்' டூலையே எடுத்துக்கிட்டோம்.

'எல்பி கான்ஃபிக்'னு தட்டினால் செட்டிங்ஸ் ஃபோல்டர் வரும். 'எல்பி பில்ட்'னு தட்டினால் சமையல் ஆரம்பம். மூணு கட்டமா நடக்கும். முதல் கட்டம் பூட்ஸ்ட்ராப்: ஒரு குட்டி டெபியனை நெட்டிலிருந்து இறக்கும். ரெண்டாவது சிஹெச்-ரூட்: அந்தக் குட்டி சிஸ்டத்துக்குள்ளே போய் நீங்க கேட்ட சாஃப்ட்வேரை எல்லாம் இன்ஸ்டால் பண்ணும். மூணாவது பைனரி: எல்லாத்தையும் 'ஸ்குவாஷ்-எஃப்எஸ்'ங்கற ஒரே ஃபைலா அமுக்கி, பூட் லோடரையும் சேர்த்து ஐஎஸ்ஓவாக நீட்டும்.

இது நடுவழியில் படுத்துடுச்சுன்னா, தயவுசெஞ்சு கடைசி வரியைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அது வெறுமனே 'தோத்துட்டேன்'னு மட்டும்தான் சொல்லும். மேலே ஸ்க்ரோல் பண்ணி, 'ஈ:'ங்கற எழுத்தில் ஆரம்பிக்கிற முதல் வரியைத் தேடுங்க. நிஜக் குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் ஒளிஞ்சிருப்பான். ஓடுறதை எல்லாம் ஒரு ஃபைலில் சேர்த்து வைக்க 'டீ'ன்னே ஒரு கமாண்ட் இருக்கு. குடிக்கிற டீயும் கூட இருந்தா நல்லதுதான்!

கட்டம் வாரியா பார்ப்போம். முதல் கட்டத்திலேயே 'நோஎக்ஸெக் ஆர் நோடெவ்'னு திட்டுதா? விண்டோஸோட டி டிரைவில் உட்கார்ந்து பில்ட் பண்றீங்களான்னு பாருங்க. லினக்ஸுக்குத் தேவையான டிவைஸ் ஃபைல்களை அங்கே உருவாக்க முடியாம முழிக்கும். இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனுக்கு மாறினால் பிரச்னை தீர்ந்தது. பேக்கேஜ் இறக்கும்போது 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' வருதா? லிஸ்ட்டில் இருக்கிற ஃபைலும் உங்களுக்கு வந்து சேர்ந்த ஃபைலும் வேற வேறன்னு அர்த்தம். எங்களுக்கு காலேஜ் நெட்டில் இதுவே திரும்பத் திரும்ப வந்துச்சு. வேறெதையும் தொடாம, மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் மாத்திப் பார்த்தோம். வழுக்கிட்டுப் போச்சு! நடுவில் இருந்த ப்ராக்ஸி பழைய காப்பியை எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கு. மூணாவது கட்டத்தில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' வந்தால் விளக்கமே வேண்டாம். இடத்தைக் காலி பண்ணுங்க.

சரி, ஐஎஸ்ஓ வந்தாச்சு. இனிமேதான் அசல் மேட்ச். பூட் ஆகுறதை ஒரு ரிலே ரேஸா நினைச்சுக்குங்க. போர்டில் இருக்கிற பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ, பூட் லோடர்கிட்ட குச்சியைக் கொடுக்கும். பூட் லோடர் கெர்னலையும் 'இனிட்ராம்-எஃப்எஸ்'ங்கற குட்டி உதவியாளரையும் மெமரியில் ஏற்றும். அந்த உதவியாளர் ஸ்குவாஷ்-எஃப்எஸ் ஃபைலைத் தேடிப் பிடிக்கும். கடைசியா டெஸ்க்டாப். குச்சி யார் கையிலிருந்து விழுந்ததுன்னு திரையே சொல்லும்.

பூட் மெனுவில் பென் டிரைவ் பேரே காணோமா? முதல் ஓட்டக்காரர் கிளம்பவே இல்லை. பழைய பயாஸ், டிரைவின் முதல் 512 பைட்டைப் படிச்சு, அதன் முடிவில் 55, ஏஏ என்ற முத்திரை இருக்கான்னு பார்க்கும். புது யூஇஎஃப்ஐ, ஃபேட் பார்ட்டிஷனில் 'பூட்-எக்ஸ்64' என்ற ஃபைலைத் தேடும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் அதில் செல்லுபடியாகும் கையெழுத்தும் கேட்கும். இங்கே ஒரு பொறி இருக்கு, உஷார்! 'க்யூஎம்யூ'வில் டெஸ்ட் பண்ணினா சூப்பரா ஓடும், புது லேப்டாப்பில் செருகினா சத்தமே இருக்காது. காரணம், க்யூஎம்யூ சாதாரணமா பழைய பயாஸ் மாதிரி நடந்துக்கும். யூஇஎஃப்ஐ மாதிரி டெஸ்ட் பண்ண 'ஓவிஎம்எஃப்' சேர்க்கணும். ரெண்டு விதமாவும் ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் பென் டிரைவைத் தொடுங்க.

மெனு வருது, ஆனா தேர்ந்தெடுத்ததும் 'எக்ஸ்86-64 சிபியூ வேணும், இருக்கிறது ஐ686'ங்கற அர்த்தத்தில் ஒரு வரியோட நிக்குதா? மெஷின் 32 பிட். உங்க இமேஜ் மேல தப்பே இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்கான கெர்னலையே நிறுத்திட்டாங்க. அந்த மாதிரி தாத்தா மெஷினுக்கு டெபியன் 12-ஐ வெச்சு தனி இமேஜ் கட்டணும்.

'லைவ் ஃபைல் சிஸ்டம் இருக்கிற மீடியத்தைக் கண்டுபிடிக்க முடியல'ன்னு புலம்பிட்டு நிக்குதா? சந்தோஷப்படுங்க! கெர்னல் வரைக்கும் எல்லாம் ஓகேன்னு அர்த்தம். அங்கேயே ஒரு கமாண்ட் லைன் கிடைக்கும். 'கேட்' கமாண்ட் போட்டு 'ப்ராக்' ஃபோல்டரில் இருக்கும் 'பார்ட்டிஷன்ஸ்' ஃபைலைப் படிங்க. உங்க பென் டிரைவ் அதில் இல்லைன்னா, போர்ட் அல்லது டிரைவர் பிரச்னை. வேற யூஎஸ்பி போர்ட்டில் செருகிப் பாருங்க. லிஸ்ட்டில் இருக்குன்னா, 'லைவ்' ஃபோல்டரில் அந்த ஸ்குவாஷ் ஃபைல் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க.

எல்லாம் ஓடி, டெஸ்க்டாப் வரவேண்டிய நேரத்தில் இருட்டா? பூட் மெனுவில் 'ஈ' கீயை அமுக்கி, 'கொயட்', 'ஸ்ப்ளாஷ்' ரெண்டு வார்த்தையையும் எடுத்துடுங்க. அதுவரை வாயை மூடிக்கிட்டு இருந்த கெர்னல் எல்லாத்தையும் கொட்டிடும். கிராஃபிக்ஸ்தான் வில்லன்னு தோணினா 'நோமோட்செட்' சேர்த்துப் பாருங்க.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கத்துற பிரச்னைகள். நிஜமான ஆபத்து, சத்தமே போடாத பிரச்னைகள்தான். பேக்கேஜ் லிஸ்ட் ஃபைலோட பேரில் 'டாட் லிஸ்ட்' இல்லைன்னா, லைவ்-பில்ட் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. எர்ரரும் வராது. தமிழ் ஃபான்ட் இல்லாம தமிழ் எல்லாம் கட்டம் கட்டமா தெரியும்போதுதான் உறைக்கும்.

அதைவிட மோசமான ஒண்ணைக் கண்ணால பார்த்தேன். எங்க ஜூனியர் ஒருத்தி, பென் டிரைவில் மிச்சமிருந்த இடத்தில், தன் ஃபைல்களைச் சேமிக்க அவளே ஒரு பார்ட்டிஷன் போட்டிருந்தாள். அதன் லேபிள் 'பெர்சிஸ்டென்ஸ்'னு எழுத்துப் பிசகாம இருக்கணும். உள்ளே 'பெர்சிஸ்டென்ஸ் டாட் கான்ஃப்'னு ஒரு ஃபைல் இருக்கணும். பூட் வரியிலும் அதே வார்த்தை வரணும். அவள் லேபிளில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. 'ஈ' வரவேண்டிய இடத்தில் 'ஏ'. எந்த எர்ரரும் இல்லை. பிராக்டிகலுக்கு முந்தின நாள் ராத்திரி, அத்தை வீட்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏழு புரோகிராம் அடிச்சிருக்கிறாள். காலையில் லேபில் செருகினா, ஒண்ணுமே இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே... நோட்டில் கையால் எழுதி வைத்திருந்ததால் மறுபடி அடிச்சுத் தப்பிச்சாள்.

அன்னிலிருந்து அவள் ஒரு பழக்கம் வெச்சிருக்கிறாள். புது பென் டிரைவ் தயார் பண்ணினதும் ஒரு காலி ஃபைலை உருவாக்கி, ரீஸ்டார்ட் பண்ணி, அது இருக்கான்னு பார்ப்பாள். இருந்தால்தான் நம்புவாள். ரெண்டு நிமிஷ வேலை. நாங்க இமேஜ் கொடுக்கிற எல்லாருக்கும் இப்போ இதைத்தான் முதல் பாடமா சொல்லிக் கொடுக்கிறோம். ஏன்னா, லேப்டாப் வெச்சிருக்கிறவனுக்கு பென் டிரைவ் ஒரு பொம்மை. இல்லாதவளுக்கு அதுதான் மொத்த கம்ப்யூட்டரே!

கடைசியா மூணே விஷயம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் மட்டும் பண்ணுங்க. அஞ்சை ஒண்ணா மாத்தி ஓடிடுச்சுன்னா, எது சரி பண்ணுச்சுன்னு உங்களுக்கே தெரியாது. ஒவ்வொரு பில்டுக்கும் முன்னாடி 'எல்பி க்ளீன்' போடுங்க, பழைய மிச்சம் மீதி குழப்பாது. பென் டிரைவில் எழுதினதும் 'சிஎம்பி' கமாண்டால் ஐஎஸ்ஓவோட ஒப்பிட்டுப் பாருங்க. மட்டமான பென் டிரைவ் எழுதாமலேயே எழுதிட்டேன்னு புளுகும்!

அடுத்த தடவை ஃப்ரெண்டுக்கு போன் போடும்போது, "மச்சி, மெனு வருது, கெர்னல் ஏறுது, மீடியம் கிடைக்கலங்குது"ன்னு சொல்லிப் பாருங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள பதில் உங்களுக்கே தோணிடும். அவனுக்கு டாக்டைம் மிச்சம்!