கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வகுப்பு



பெருநாள் நெருங்கினால் உங்களுள் பலர் கொழும்பு புறக்கோட்டைக்கு வந்து போவீர்கள். வாங்க வேண்டியதை வாங்கியதும் பஸ் பிடிக்க ஓடுவதே நம் வழக்கம். இம்முறை கடைக் கண்ணாடிகளுக்கு முன் சற்று நின்று பாருங்கள். வாங்குவதற்காக அல்ல, படிப்பதற்காக!

"ஒரு மௌலவி கடைத்தெருவை வேடிக்கை பார்க்கச் சொல்கிறாரே!" என்று சிரிக்க வேண்டாம். ஒரு தையல் மெஷினை நம்பிக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் தாய்மார் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. புது யோசனைதான் இல்லை. ஒரே மாதிரிச் சட்டையைத் திரும்பத் திரும்பத் தைப்பதால் ஓடர் குறைகிறது. வகுப்புக்குப் போகப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. அத்தகையோருக்குக் கட்டணமில்லாத வகுப்பு இந்தக் கண்ணாடிகள்.

கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டிப் பிரதான வீதிக்குள் நுழைந்து, கெய்சர் வீதிப் பக்கம் திரும்புங்கள். புடவைக்கடைகளில் சாரியை விசிறிபோல் மடித்துத் தொங்கவிட்டிருப்பதைக் காண்பீர்கள். உடலும் கரையும் முந்தானையும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதே அந்த மடிப்பின் நோக்கம். கருநீலத்துக்கு அருகே மஞ்சள் இருந்தால், ஒன்றால் மற்றது எப்படி எடுப்பாகிறது என்று கவனியுங்கள். அடுத்த சட்டைக்கு எந்த நிறத்தில் கரை வைப்பது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைக்கலாம்.

அங்கிருந்து செட்டியார் தெருவுக்குப் போனால் நகைக்கடைகள். பொன்னைக் கடும் நிற வெல்வட்டில் வைப்பது நகைக்காரர் அறிந்த நுட்பம். பின்னணி அடங்கினால்தான் பொருள் பேசும். நீங்கள் பூவேலை செய்யும் தலையணை உறைக்கும் அதே விதிதான். பூப்போட்ட துணியில் பூவேலை செய்தால் உங்கள் உழைப்பு கண்ணில் படாது. இன்னொன்று, பொருள்களை நெருக்கி அடுக்கிய கண்ணாடியில் கண் எதிலும் தங்குவதில்லை. நாலைந்தை மட்டும் வைத்து இடம் விட்ட கண்ணாடியில் தங்குகிறது. எங்கே நிறுத்துவது என்று அறிவதும் கைவேலையின் ஒரு பகுதியே.

திரும்பும் வழியில் இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளியை அண்ணாந்து பாருங்கள். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை கட்டடக் கலையை முறையாகப் படித்தவரல்லர். இந்திய வணிகர்கள் தந்த கட்டடப் படங்களைப் பார்த்தார். அவற்றிலிருந்து புதிதாக ஒன்றை உருவாக்கினார். சிவப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறங்களை வரிவரியாக வைத்தே ஊரின் அடையாளம் ஒன்றை அமைத்துவிட்டார். பார்ப்பதற்கும் பார்த்து அப்படியே செய்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஒரு கடையின் மாதிரியை முழுமையாக எடுத்தால் அது அடுத்தவர் உழைப்பு. ஓரிடத்தில் நிறம், ஓரிடத்தில் மடிப்பு, ஓரிடத்தில் அமைப்பு என்று எடுத்துச் சேர்த்தால் அது உங்களுடையது.

சில நடைமுறைக் குறிப்புகள். நண்பகல் வெயிலில் கண்ணாடியில் நம் முகமும் தெருவுமே தெரியும். வெயில் சாய்ந்த பின் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பல கடைகள் மூடியிருக்கும். தொலைபேசியில் படம் எடுப்பதானால் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதைவிடச் சிறு கொப்பியில் பென்சிலால் கீறுவது நல்லது. கீறும்போதுதான் கண் உண்மையில் பார்க்கிறது. கூட வரும் கணவன்மார் பத்து நிமிடம் பொறுமையாக நின்றால் பெரும் உதவி!

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆசையை மூட்டுவதற்காகவே அந்தக் கண்ணாடி அங்கே இருக்கிறது. "இது என்னிடம் இல்லையே" என்று பார்ப்பவர் கவலையோடு, சில வேளை கடனோடும், வீடு திரும்புவார். "இதை எப்படிச் செய்தார்கள்?" என்று பார்ப்பவர் ஒரு யோசனையோடு திரும்புவார். இரண்டாவது கேள்வியைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் வெட்டுத் துண்டுகளே முதல் முயற்சிக்குப் போதும்.