ஒரு வெள்ளாமைக் காலம்

குடும்பம் என்று வந்தால் நம் நவீன எழுத்துக்குப் பெரும்பாலும் ஒரே குரல்தான். தகப்பன் கொடுங்கோலன், தாய் புழுங்கிச் சாகிறவள், மகன் தப்பியோடுகிறவன். இதைப் புகாராகச் சொல்லவில்லை. இந்த எழுத்தை நம்பி வளர்ந்தவன் நான். என் பத்து வயதில் அப்பா குடித்துவிட்டு எந்த நேரத்திலும் வருவார். தாழ்ப்பாளைத் திறக்க ஒரு நிமிஷம் தாமதமானால் அம்மாவுக்கு அடி விழும். ஆகவே கதவோரம்தான் என் படுக்கை. அம்மா இறந்தபின் விடுதி. பிறகு பி.ஏ. ஆங்கிலம், வங்கி உத்தியோகம், விமர்சனம். அன்பு என்பது பூர்ஷ்வா மனத்தின் ஏற்பாடு என்று இருபத்தைந்து வயதில் ஒரு கட்டுரையே எழுதினேன். அது சிந்தனை அல்ல, பயம். பயத்துக்குக் கோட்பாட்டின் சட்டையைப் போட்டிருந்தேன்.

கொடைக்கானலுக்கு மாற்றலாகி வந்தேன். அட்டுவம்பட்டியிலிருந்து ஒருவர் பயிர்க்கடன் விஷயமாக வருவார். 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். அவருக்கு அங்கே சரிவில் கொஞ்சம் நிலம். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுவார். படிவம் நிரப்ப மகளை அழைத்து வருவார். அப்படித்தான் பரிச்சயம். அவளுக்கும் சம்மதம் என்று தெரிந்ததும் அவரிடம் நேரில் போய்க் கேட்டேன்.

"ஒரு வெள்ளாமை போகட்டும் தம்பி. அதுவரைக்கும் இங்கிட்டு வராதீங்க. அதுக்கப்புறமும் இதே நெனப்பு இருந்தா வாங்க" என்றார்.

என் அநாதைத்தனத்தை எடைபோடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மாற்றல் கேட்டு மனு எழுதி மேஜையில் வைத்திருந்தேன்.

அந்த மாதங்களில்தான் டாக்டர் சௌந்தரத்தின் வாழ்க்கையைப் படித்தேன். 1904இல் பிறந்தவர், டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். சிறுமியாக இருக்கையிலேயே மணம். இளம் வயதிலேயே வைதவ்யம். வீட்டார் அவரை மூலையில் உட்காரவைக்கவில்லை, படிக்க அனுப்பினார்கள். 1936இல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் டாக்டரானார். ஹரிஜன சேவையில் இருந்த கேரளத்து ஜி. ராமச்சந்திரனுடன் காதல் ஏற்பட்டது. அதற்குப் பெற்றோர் இசையவில்லை. விஷயம் காந்தியிடம் போயிற்று. ஓராண்டு இருவரும் தொடர்பே இல்லாமல் பிரிந்திருங்கள், பிறகும் மனம் மாறவில்லையென்றால் மணந்துகொள்ளுங்கள் என்றார் அவர். 1940இல் காந்தியின் முன்னிலையில் மணம் நடந்தது.

படித்ததும் காந்திமீது ஆத்திரம்தான் வந்தது. அத்தனை வருஷங்களை இழந்தவளிடம் இன்னொரு வருஷம் கேட்க இவர் யார்? அவருடைய வாழ்க்கையோடு என்னுடையதை ஒப்பிடுவதும் மிகை. அவருக்குப் பின்னால் வசதியும் படிக்கவைத்த பெற்றோரும் இருந்தார்கள். ஆனால் அந்த ஒரு வருஷம் என்னை விடவில்லை. பசித்தவன் சோற்றைப் பார்க்கிறான். பரிமாறுகிற கையைப் பார்ப்பதில்லை. நான் விரும்பியது அவளையா, மாலையில் புகை எழும் அந்தச் சமையல்கட்டையா? நேர்மையாகச் சொன்னால், எனக்குத் தெரியவில்லை. வீடு இல்லாமல் வளர்ந்தவனுக்கு எந்த வீடும் போதும் என்று தோன்றிவிடும். அப்படிப் போகிறவன் அங்கேயும் கதவோரம்தான் படுப்பான்.

பூண்டு முற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். அப்போது அந்த வீடு நினைவுக்கு வரவில்லை. படிவத்தில் 'ழ' வரும் இடமெல்லாம் அதன் காலை அடுத்த வரிவரை இழுத்துவிடுவாளே, அது நினைவுக்கு வந்தது. மனுவைக் கிழித்துப் போட்டேன்.

சௌந்தரமும் ராமச்சந்திரனும் 1947இல் மலைக்குக் கீழே, சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனை, பள்ளிகள், ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் என்று அது விரிந்தது. 1984இல் அவர் மறைந்தார். காத்திருந்து கிடைத்த அன்பை அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த அளவு இல்லை. மனைவி, ஒரு மகள், மாமனார், மாமியார்; அவ்வளவுதான் என் விஸ்தீரணம். அதற்குள்ளேயே தட்டுத்தடுமாறுகிறேன். மகள் உரக்கச் சிரித்தால் ஒரு கணம் உடம்பு விறைக்கிறது. சந்தோஷத்துக்குப் பின்னால் என்ன வருமோ என்று காத்திருக்கும் பழக்கம் போகவில்லை. சந்தோஷத்தைப் பற்றி எழுத இன்னும் எனக்கு ஒரு நடை அமையவில்லை. அது இலக்கியத்தின் குறை என்று இப்போது நான் வாதாடுவதில்லை.

அட்டுவம்பட்டியில் தங்கும் இரவுகளில் இன்றும் விழித்துக்கொள்கிறேன். எழுந்துபோய்க் கதவைத் தடவிப் பார்க்கிறேன். முதல் வருஷம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் இருட்டிலிருந்து மாமியாரின் குரல் வருகிறது.

"தாப்பாப் போட்டாச்சு மாப்ளே. எல்லாரும் உள்ளதான் இருக்கோம். படுங்க."

வந்து படுத்துக்கொள்கிறேன்.