மட்கார்டுக்கு ஒட்டு

அப்பா வாங்கின டிராக்டர். மட்கார்டு துருப்பிடிச்சு, விரலால குத்தினா உதிரும். நம்ம காரைக்கால் கடல்காத்து இரும்பைச் சும்மா விடாதுங்களே. "காயலான் கடையில போட்டுட்டு புதுசு மாத்துப்பா"ன்னான் மகன். தாத்தா பக்கத்துல அவன் உக்காந்து வந்த மட்கார்டு அது. எனக்கு மனசு வரலை.

நிரவியில பட்டறை வச்சிருக்கிற தங்கச்சி மகன்கிட்ட மிக் வெல்டிங் கத்துக்கிட்டேன். துருப்பிடிச்சதை வெட்டி எடுத்துட்டு புதுத் தகரம் வைக்கணும். முதல் நாள் ஒரே கோடா இழுத்தேன். சூட்டுல தகரம் அப்பளமா நெளிஞ்சு போச்சு. மறுநாள் சாயங்காலம் வச்ச ஒட்டெல்லாம் பொத்தல். காத்து தாங்காம கேஸ் பறந்துடுச்சாம்.

"மாமா, காலையில கதவைச் சாத்திட்டு வைங்க. வெள்ளையாத் தெரியுற வரைக்கும் தேய்ங்க. 0.8 மில்லிமீட்டர் கம்பி போதும். பின்னால செப்புப் பட்டையைப் பிடிச்சா ஓட்டை விழாது. இங்க ஒரு பொட்டு, தள்ளி அங்க ஒரு பொட்டு, நடுவுல ஆற விடுங்க"ன்னான்.

வரிசையா நாத்து நட்டுப் பழகின கை. தள்ளித் தள்ளி வைக்கப் பொறுமை வர நாலு நாள் ஆச்சு. கடைசியில உள்பக்கமும் ரெட் ஆக்சைடு அடிச்சேன். விட்டா காத்து அங்கேருந்து தின்ன ஆரம்பிச்சுடும்.

ஒட்டு மேடுபள்ளமாத்தான் இருக்கு. மகன் தடவிப் பார்த்துட்டு, பேசாம ஏறி உக்காந்தான்.