அம்மாவின் சவுக்காரம்



மலையிலும் கிராமத்திலும் பிறந்து, பிழைப்புக்காகப் பட்டணத்தில் வந்து குடியேறிய நம்மில் அநேகர், ஊரிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒன்றைப் பிறர் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருக்கிறோம். நான் மறைத்து வைத்தது ஒரு சோப்புக்கட்டி. கர்த்தர் அதைக்கொண்டு எனக்கு உணர்த்திய காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் பிறந்தது இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலைக்கு அருகே, ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில். என் தாயார் முப்பது ஆண்டுகள் ஏலக்காய் எடுத்தார்கள். காய் எடுக்கும் மாதங்களில் செடியின் சாறு பட்டு அவர்களுடைய விரல்கள் கறுத்துப் பிசுபிசுக்கும். ஞாயிறு ஆராதனையில் அவர்கள் கரங்களை உயர்த்தித் துதிக்கும்போது அந்த விரல்கள் தனியே தெரியும். சிறுமியாகிய நான் வெட்கப்பட்டு, இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்காருவேன்.

என் பாட்டியின் காலத்தில் துணி வெளுக்க அடுப்புச் சாம்பலும் பூந்திக்கொட்டையும்தான். சாம்பலை நீரில் ஊறவைத்துத் தெளிவு எடுத்தால் அதிலுள்ள காரம் அழுக்கை அகற்றும். எரேமியா 2:22-லும் மல்கியா 3:2-லும் நாம் வாசிக்கிற சவுக்காரம்கூட செடிகளின் சாம்பலிலிருந்து எடுத்த காரமே என்று வேத ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். இலங்கைத் தமிழர் இன்றும் சோப்பைச் சவர்க்காரம் என்றே அழைக்கிறார்கள்.

1962-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கம், வீட்டிலேயே சோப்புச் செய்யும் முறையைக் கேரள மக்களிடையே பரப்பியது. அந்த முறையைப் பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி ஒருவர் என் தாயாருக்குக் கற்றுக்கொடுத்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் வெள்ளை வெளேரென்ற தேங்காய் எண்ணெய்ச் சோப்புதான். அதில் வாசனை கிடையாது, வண்ணமும் கிடையாது.

1999-இல் திருமணமாகிச் சென்னைக்கு வந்தேன். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அம்மா பழைய செய்தித்தாளில் சுற்றிய பத்துக் கட்டிகளைக் கொண்டுவருவார்கள். உறவினர் வந்தால் காணக்கூடாதென்று அவற்றைச் சமையல் மேடைக்கு அடியில் ஒளித்துவைப்பேன். ஒருநாள் அம்மா அவற்றை எடுத்துப் பார்த்தார்கள்; ஒன்றும் பிரிக்கப்படவில்லை. “மகளே, இது உனக்குப் பிடிக்கவில்லையா?” என்று கேட்டார்கள். “இதையெல்லாம் இங்கே யாரும் தொடமாட்டார்கள் அம்மா” என்றேன். அவர்கள் மறுமொழி சொல்லவில்லை. அதன்பின் சோப்புக் கொண்டுவரவும் இல்லை. நானோ ஞாயிறுதோறும் கர்த்தருடைய பந்தியில் பங்குபெற்றுவந்தேன். அந்த வார்த்தைக்காக ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் எல்லை அடைக்கப்பட்டது. அம்மா மலையில் தனியே இருந்தார்கள். சோப்பினால் கை கழுவுங்கள் என்று எங்கும் அறிவிப்பு ஒலித்தது. கொரோனா கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைச் சோப்பு உடைத்துவிடுகிறது என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். அதைக் கேட்டபோது அந்தப் பத்துக் கட்டிகள் என் கண்முன் நின்றன.

கடைகள் திறந்தபின் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்கி, நினைவில் இருந்தபடி டம்ளரால் அளந்து, நானே செய்து பார்த்தேன். நான்காம் நாளே எடுத்துக் கழுவினேன். கைகள் சிவந்து தோல் உரிந்தது. வேறு வழியின்றி அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர்கள் நகைக்கவில்லை. முதலிலிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 170 கிராம் காஸ்டிக் சோடா, 350 கிராம் தண்ணீர். மூன்றையும் தராசில்தான் நிறுக்கவேண்டும். காரம் கூடிப்போன சோப்பை எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது சரியாகாது. எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, ஜன்னலைத் திறந்துவைத்து, தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றலாகாது, பொங்கித் தெறிக்கும். அடுப்பில்லாமலேயே அந்த நீர் கொதிப்பதுபோல் சூடாகும். மேலே பட்டுவிட்டால் ஓடும் நீரில் வெகுநேரம் கழுவவேண்டும். சூடு நன்றாகத் தணிந்தபின் எண்ணெயில் ஊற்றி, தோசை மாவின் பதம் வரும்வரை கிளறி, அச்சில் வார்க்கவேண்டும். மறுநாள் துண்டுபோட்டுக் காற்றோட்டமான இடத்தில் நான்கு வாரம் உலரவிடவேண்டும். உப்புத் தண்ணீரிலும் நுரைப்பது தேங்காய் எண்ணெய்ச் சோப்பின் சிறப்பு. ஆழ்குழாய் நீரை நம்பியிருக்கும் நம் பட்டணத்து வீடுகளுக்கு அது ஏற்றது.

“நான்கு வாரமா அம்மா?” என்றேன். “பச்சை ஏலக்காயை ஸ்டோரில் உலர்த்தாமல் யாராவது ஏலத்துக்கு அனுப்புவார்களா? இதுவும் அப்படித்தான்” என்றார்கள்.

அப்பொழுது ஆவியானவர் என்னை உணர்த்தினார். நான் அழுதுகொண்டே, “அன்று நான் சொன்ன வார்த்தையை மன்னித்துவிடுங்கள் அம்மா” என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “அன்று ஊருக்குப் போகும் பேருந்திலேயே உனக்காக ஜெபித்துவிட்டேன். ஆனாலும் நீ கேட்டது எனக்குச் சந்தோஷம்” என்றார்கள்.

2021-இன் தொடக்கத்தில் போடிமெட்டு வழியாக ஊருக்குப் போனேன். நான் செய்த சோப்பில் நான்கு கட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போனேன். திண்ணையில் அம்மாவை உட்காரவைத்து, வெந்நீர் கொண்டுவந்து அவர்களுடைய கைகளைக் கழுவினேன். வேலையை விட்டு வெகுகாலம் ஆனபடியால் விரல்களில் கறுப்பு ஏதுமில்லை. எந்தக் கறைக்காக நான் வெட்கப்பட்டேனோ அது என்றைக்கோ போய்விட்டிருந்தது. அம்மா சோப்பை முகர்ந்து பார்த்து, “இன்னும் ஒரு வாரம் உலர்த்தியிருக்கலாம்” என்றார்கள்.

பிரியமானவர்களே, நம் அக்கிரமத்தை எந்தச் சவுக்காரமும் போக்காது என்று எரேமியா தீர்க்கதரிசி அறிவித்தார். இயேசுவின் இரத்தம் ஒன்றே நம்மைச் சுத்திகரிக்கும். ஆனால் அந்தச் சுத்திகரிப்பைப் பெற்ற நாம், பெற்றோருக்கு விரோதமாகச் சொன்ன சொல்லை அப்படியே விட்டுவைக்கலாமா? ஊரில் காத்திருக்கும் தாய் தகப்பனை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கொடுத்தனுப்பிய பொட்டலம் பிரிக்கப்படாமல் உங்கள் வீட்டில் கிடக்குமானால், இன்றைக்கே பிரியுங்கள். பிரித்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். எல்லை அடைபடும் நாளை நாம் அறியோம்.

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களை ஒப்புரவாக்கி ஆசீர்வதிப்பாராக. ஆமென்.