கணக்கில் வந்த பறவை

ஐப்பசி என்றதும் நமக்கு நினைவில் எழுவது அடைமழை. அதே அக்டோபர்த் திங்கள் வட அமெரிக்காவின் ஏரி நாட்டில் பொன்னின் திங்களாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, நாங்கள் இருவரும் அந்தப் பொன்னைக் கண்ணாரக் கண்டோம். அதைக் காட்டியவர் ஒரு வேட்டைக்காரர்.

மகனுக்கு அடுத்த வீட்டுக்காரர் அவர். எழுபதைக் கடந்தவர், மனைவியை இழந்தவர், தச்சுத் தொழில் செய்து ஓய்ந்தவர். வீட்டில் அவருக்குத் துணை இரண்டு செட்டர் நாய்கள். மூத்தது பதினொரு வயதுக் கிழவி. இளையது இரண்டு வயதுத் துடுக்குக்காரன். "வடக்கே பறவை வேட்டைக்குப் போகிறேன். துப்பாக்கி உங்களுக்கு வேண்டாம், கண்கள் போதும், வாருங்கள்" என்று அழைத்தார்.

நாங்கள் தயங்கினோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்தவர்கள் நாங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வகுப்பில் விளக்கியவர்கள். கண்ணியில் சிக்கிய கவுதாரிகளைக் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிவந்து விற்றதைச் சிறு வயதில் பார்த்துக் கலங்கியவர்கள். உயிரைக் கொல்வதில் என்ன இன்பம் என்ற கேள்வி எங்கள் முகத்திலேயே எழுதியிருந்தது போலும். "பிடிக்காவிட்டால் வண்டியில் அமர்ந்திருங்கள்" என்றார் பெரியவர். அந்த நேர்மை எங்களை இழுத்தது.

1957இல் திறக்கப்பட்ட மாக்கினா பாலம் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளம். அதைக் கடந்தால் மாநிலத்தின் வடபகுதியான மேல் தீபகற்பம். சாலையின் இருபுறமும் ஆஸ்பென் மரங்கள். காற்று இல்லாத வேளையிலும் அவற்றின் மஞ்சள் இலைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. பெரிய மரங்கள் நிறைந்த அடர்காட்டை விட்டுவிட்டுப் பெரியவர் எங்களை இளங்காட்டிற்கு அழைத்துச் சென்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மரம் வெட்டப்பட்ட இடமாம் அது. ஆஸ்பென் மரத்தை வெட்டினால் அதன் வேரிலிருந்தே நூற்றுக்கணக்கான கன்றுகள் முளைக்கும். அந்த நெருக்கமான இளமரங்களுக்கிடையேதான் ரஃப்டு கிரவுஸ் பறவை வாழ்கிறது. நம் கவுதாரியின் தூரத்து உறவு, அதைவிடப் பெரியது. பனிக்காலம் நெருங்கும்போது அதன் கால்விரல்களின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போல் வளர்ச்சி தோன்றும். பனியின்மேல் புதையாமல் நடக்க அது உதவும். கடுங்குளிர் இரவுகளில் மென்பனிக்குள் பாய்ந்து புதைந்து உறங்குமாம். வெட்டுண்ட காடு ஓர் உயிருக்கு வீடாவதை அன்றுதான் அறிந்தோம்.

மூவரும் செம்மஞ்சள் மேலாடை அணிந்தோம்; அங்கே வேட்டைக்குச் செல்வோர்க்கு அது சட்டம். நாய்களின் கழுத்தில் சிறு மணிகள் கட்டப்பட்டன. மணியோசை கேட்கும்வரை நாய் தேடுகிறது; ஓசை நின்றால் பறவையின் மோப்பம் பிடித்து நின்றுவிட்டது என்று பொருள். செட்டர் இனத்தின் வரலாற்றையும் பெரியவர் சொன்னார். துப்பாக்கி பரவுவதற்கு முன் இந்த நாய்கள் பறவையைக் கண்டதும் தரையோடு பதுங்கிக் கொள்ளும். வேட்டைக்காரர் நாயையும் பறவையையும் சேர்த்து வலையால் மூடுவார். துப்பாக்கி வந்தபின் பதுங்கிய நாய் நிமிர்ந்து நின்றது. ஆனால் பாயாதிருக்கும் கட்டுப்பாடு மட்டும் குருதியில் தங்கிவிட்டது.

முதன்முறை மணி நின்றபோது காடே மூச்சை அடக்கியது போலிருந்தது. இளமரங்களை விலக்கிப் பார்த்தோம். மூத்த நாய் ஒரு முன்காலை மடக்கியபடி சிலையாக நின்றது. பின்னால் ஓடிவந்த இளைய நாய்க்கு மோப்பம் கிட்டவில்லை. எனினும் மூத்தவள் நிற்பதைக் கண்டதும் இருந்த இடத்திலேயே அதுவும் உறைந்தது. "மூத்தவள் சொல்லை மதிக்கிறான்" என்று புன்னகைத்தார் பெரியவர். ஆசிரியர்களாகிய எங்களுக்கு அக்காட்சி மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்த நொடி காலடியில் இடி இடித்தாற்போல் ஒரு சிறகோசை. பழுப்பு நிறம் ஒன்று மரங்களுக்கிடையே மின்னி மறைந்தது. பெரியவர் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்துவதற்குள் பறவை இல்லை. காலை முழுவதும் அப்படித்தான். ஒன்பது முறை பறவைகள் எழுந்தன. நான்கு முறை சுட்டார், ஒன்றே விழுந்தது. இளைய நாய் அதை மெல்லக் கவ்விவந்து கையில் வைத்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றினார். கலைந்திருந்த சிறகுகளை விரலால் நீவிச் சீர்செய்தார். விசிறி போல் விரிந்த வாலின் விளிம்பருகே ஓடிய கரிய பட்டையைக் காட்டினார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

வேட்டையாடுவோர் வாங்கும் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீது விதிக்கப்படும் வரி 1937ஆம் ஆண்டின் சட்டப்படி காட்டுயிர்களின் நலனுக்கே செலவிடப்படுகிறது என்று நண்பகல் உணவின்போது அவர் கூறினார். எங்கள் கேள்விக்கு அது முழு விடையாகவில்லை. அவரும் அதை விடையாகச் சொல்லவில்லை. "கொல்வது எனக்கு இன்னும் எளிதாகவில்லை. எளிதாகும் நாளில் நிறுத்திவிடுவேன்" என்றார்.

பிற்பகலில் ஓர் ஓடையருகே மணி மீண்டும் நின்றது. பறவை எழுந்தது, துப்பாக்கி வெடித்தது. பறவை விழவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கால் தொங்க, ஓடைக்கு அப்பால் புதருக்குள் இறங்கியது. நாங்கள் தவறிவிட்டது என்றே எண்ணினோம். பெரியவரின் முகம் மாறியது. "அடிபட்டுவிட்டது" என்றார்.

அதன்பின் நடந்தது வேட்டையன்று, தேடல். குளிர்ந்த ஓடையில் முழங்கால் அளவு நீரில் இறங்கினார். நாய்களை மறுகரையில் விட்டார். முட்செடிகள் எங்கள் ஆடைகளைக் கிழித்தன. வழியில் வேறொரு பறவை கைக்கெட்டும் தொலைவில் எழுந்தபோதும் அவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை. ஒரு மணி நேரம் சென்றது. இன்னொரு மணி நேரமும் சென்றது. மூத்த நாய் நொண்டத் தொடங்கியது. ஒளி மங்கியதும் அவர் துப்பாக்கியின் இரு குழல்களையும் திறந்து தோட்டாக்களை வெளியே எடுத்தார். சட்டைப் பையிலிருந்த சிறு குறிப்பேட்டில் நாளைக் குறித்து, அதனருகே 2 என்று எழுதினார்.

"பையில் இருப்பது ஒன்றுதானே?" என்று கேட்டோம்.

"நான் சுட்டது இரண்டு" என்றார். "ஒரு நாளைக்கு ஐந்து வரை சட்டம் அனுமதிக்கிறது. கைக்கு வராததை எந்த அதிகாரியும் எண்ண வரமாட்டார். அதனால்தான் நான் எண்ணுகிறேன்."

இரவில் மரக்குடிலில் அவர் முதலில் நாய்களின் பாதங்களைக் கழுவினார். மயிரில் ஒட்டியிருந்த முட்காய்களை ஒவ்வொன்றாக நீக்கினார். பிறகே அந்த ஒரு பறவையை வெண்ணெயில் வாட்டினார். உணவுமுன் செபத்தைத் தமிழில் சொல்லுமாறு எங்களை வேண்டினார். சொன்னோம், ஆளுக்கொரு துண்டு உண்டோம். ஆனால் உறக்கம் வரவில்லை. 727இல் இறந்த புனித ஹியூபர்ட் வேட்டைக்காரரின் பாதுகாவலர். கொம்புகளிடையே சிலுவை தாங்கிய மான் ஒன்று அவரை மனந்திருப்பியது என்பது மரபு. எங்களை அன்றிரவு உலுக்கியதோ கண்ணில் படாமலே போன ஒரு பறவை.

1994இல் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் பணியாற்றினோம். பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தேர்வுக் கட்டணமாகத் திரட்டிய பணத்தில் ஒரு பகுதி காணாமற்போயிற்று. மேசையருகே கடைசியாக நின்றவன் அவன். வகுப்பு முழுவதும் கேட்க, எங்களுள் ஒருவர் அவனைத் திருடன் என்றார். வாசலில் நின்று அதைக் கேட்ட மற்றவர் பேசாதிருந்தார். மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த வாரம் அந்தப் பணம் வருகைப் பதிவேட்டின் அட்டை உறைக்குள் அகப்பட்டது. யாரையேனும் அனுப்பியிருக்கலாம், நாங்களே போயிருக்கலாம். ஊர் மூன்று கல் தொலைவுதான். தானே வருவான் என்றோம். நெடுநாள் வராமை என்று எழுதி அவன் பெயர் நீக்கப்பட்டது. அவ்வாண்டு எங்கள் வகுப்பின் தேர்ச்சி நூற்றுக்கு நூறு. பாராட்டு விழாவில் மாலையும் வாங்கிக்கொண்டோம். அவன் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஊர் திரும்பிய சில மாதங்களில் பெருந்தொற்று வந்தது. அது எங்களுக்கு நல்ல சாக்காயிற்று. தொற்று தணிந்தபின் தயக்கம் சாக்காயிற்று. மூத்த நாய் இறந்துவிட்டது என்றும், பெரியவர் இளையதோடு மட்டும் வடக்கே போய்வருகிறார் என்றும் மகன் தெரிவித்தான். அவருடைய குறிப்பேடு நினைவில் குத்தியது.

சென்ற மாதம் அந்த ஊருக்குப் போனோம். தறி இருந்த வீட்டில் இப்போது அவன் தங்கை வாழ்கிறாள். எங்களை அடையாளம் கண்டுகொண்டு பாய் விரித்தாள், தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் திருப்பூரில் பனியன் ஆலையில் மேற்பார்வையாளராக இருப்பதாகவும், அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்றும் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"டீச்சர், அந்தப் பணம் கெடைச்சுதா?"

"அடுத்த வாரமே கிடைத்துவிட்டதம்மா."

அவள் நெடுநேரம் எங்களைப் பார்த்தாள். "அப்பா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றாள். அதற்கு எங்களிடம் சொல் இல்லை. முகவரியை ஒரு தாளில் எழுதித் தந்தாள். "நீங்களே நேர்ல போய் அண்ணங்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்பாது" என்றாள்.

வரும் வெள்ளிக்கிழமை திருப்பூருக்குப் புறப்படுகிறோம். அவன் கதவைத் திறப்பானோ, மூடுவானோ, அது அவன் உரிமை. தாளை மடித்துக் குறிப்பேட்டில் வைத்திருக்கிறோம். அதன்மேல் அவன் பெயரை எழுதியிருக்கிறோம்.