பின் ஸீட்டில் அப்பா!

ஒரு குட்டி விமானம். ரெண்டே ரெண்டு ஸீட். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வைக்கிறதா, பக்கத்துல பக்கத்துலயா? இந்த ஒரே கேள்விக்காக நானும் என் ப்ராஜெக்ட் கூட்டாளியும் கோட்டாறு கம்போளத்தில் ஒரு டீக்கடை பெஞ்சைத் தேய்த்தே தீர்த்தோம்!

ப்ராஜெக்ட் இதுதான். ‘கிட் ஏர்கிராஃப்ட்’ என்று ஒரு வகை உண்டு. பாகங்களைப் பெட்டியில் அனுப்பிவிடுவார்கள். வாங்குகிறவரே கோத்துப் பறக்கவிட வேண்டும். அப்படி ஒரு விமானத்துக்கு நாங்கள் டிசைன் போட வேண்டும். கூடவே, மரச் சட்டமும் தெர்மகோலும் வைத்து நிஜ சைஸில் ஒரு காக்பிட் மாடல். ஏதோ அமெரிக்கக் கதை என்று நினைக்காதீர்கள். இடுக்கி மாவட்டத்துக்காரர் சஜி தாமஸ், பிறவியிலேயே காது கேட்காதவர், பேச முடியாதவர். அவர் தன் கையாலேயே கட்டிய விமானம் 2014-ல் நம்ம மணிமுத்தாறு பக்கம்தான் பறந்தது. அங்கே பறந்தால் இங்கே பறக்காதா என்ன?

நான் டேண்டம் கட்சி. அதாவது பைக் மாதிரி, ஒருத்தர் பின்னால் ஒருத்தர். என் தோள் அகலத்தை அளந்தேன், 45 செ.மீ. தனி ஆள் என்றால் அறுபது செ.மீ. உடம்பு போதும். ரெண்டு பேர் அருகருகே என்றால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். உடம்பு அகலமாக அகலமாக காற்றின் இழுவையும் கூடும். ஒல்லியாக இருந்தால் அதே இன்ஜினில் கொஞ்சம் வேகமாகப் போகலாம். ரெண்டு பக்கமும் வியூ கிளியர். போர் விமானம் ஓட்டுகிற ஃபீலிங் வேறு ஃப்ரீ!

கூட்டாளி சைடு-பை-சைடு கட்சி. “மக்கா, பின்னால ஆள் ஏறினா பேலன்ஸ் மாறும்லா? அதை எப்படிச் சமாளிப்ப?” என்றான். நியாயமான கேள்வி. முன்னும் பின்னும் உட்கார்ந்தால் ரெண்டு பேரும் எடை மையத்தில் இருக்க முடியாது. ஒருத்தர் ஏறுவதும் இறங்குவதும் மூக்கைத் தூக்கும், இல்லை தாழ்த்தும். பழைய பைப்பர் கப் விமானத்தைத் தனியாக ஓட்டினால் பின் ஸீட்டில்தான் உட்கார வேண்டும், இந்த பேலன்ஸுக்காக! அருகருகே வைத்தால் ரெண்டு பேருமே மையத்துக்குப் பக்கத்தில். ஒரே மீட்டர் பலகையை ரெண்டு பேரும் பார்க்கலாம்.

பெரிய ஆட்களுக்கே இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் வேன்ஸ் கம்பெனி முதலில் ஆர்.வி-4 என்று டேண்டம் கிட் விற்றது. அப்புறம் அருகருகே உட்காரும் ஆர்.வி-6 வந்தது. விற்பனையில் தம்பி அண்ணனை முந்திவிட்டான். ‘எங்களுக்கு டேண்டம்தான் வேணும்’ என்றவர்களுக்காக 90-களில் ஆர்.வி-8 வந்தது. பெங்களூர் என்.ஏ.எல். 1987-ல் பறக்கவிட்ட ஆராய்ச்சி விமானம், பர்ட் ரூட்டானின் லாங்-ஈஸியை வைத்துச் செய்தது. அது டேண்டம். அதே என்.ஏ.எல். ஃபிளையிங் கிளப் மாணவர்களுக்காகச் செய்த ஹன்ஸா, 1993-ல் முதலில் பறந்தது. அதில் குருவும் சிஷ்யனும் அருகருகே. 2021-ல் பறந்த புது ஹன்ஸாவிலும் அப்படியேதான். பெங்களூர் ராஜ் ஹம்ஸாவின் எக்ஸ்-ஏர் கிட்டும் அதே கட்சி.

இவ்வளவு படித்தும் நான் மாறவில்லை. மாற்றியது ஒரு பைக் சவாரி.

சவேரியார் கோயில் திருவிழா நேரம். கடையை அடைத்துவிட்டு அப்பா என் பின்னால் ஏறினார். செட்டிக்குளம் வரை டேண்டத்தின் மகிமைகளை நான் அளந்துகொண்டே வந்தேன். அவர் “ம்... ம்...” என்றார். அப்பாவும் நம்ம கட்சிதான் என்று எனக்கு ஏக குஷி. கொஞ்ச நேரத்தில் ‘ம்’ நின்றது. தோளில் இருந்த கை மெதுவாக நழுவியது.

நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. “எப்பலேர்ந்துப்பா?” என்றேன். “கம்போளத்துல ஏறும்போதே லேசா நெஞ்சப் பிடிச்சுது மக்களே. நீ சந்தோஷமாப் பேசிட்டு வந்தியா...” என்றார்.

பைக்கை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். பின் ஸீட்டில் ரெண்டு பேரும் அருகருகே. அவர் தலை என் தோளில். அவர் விடுகிற ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கூட்டாளியிடம் போய், “சைடு-பை-சைடே வச்சிருவோம்டே” என்றேன். “என்னடே, திடீர்னு?” என்று முறைத்தான். சொன்னேன். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

ரிவ்யூவில் கேள்வி வந்தது. “இழுவை கூடுமே தம்பி, ஏன் இந்த முடிவு?” எடை மையம், ஒரே பலகை, கற்றுக்கொடுக்க வசதி என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாமே உண்மை. வேகத்தில் கொஞ்சம் நஷ்டம் என்பதையும் ஒப்புக்கொண்டேன். “டேண்டத்திலும் இன்டர்காம் வைத்துப் பேசிக்கொள்ளலாமே?” என்றார். பேசலாம். ஆனால், வலிக்கிறவங்க எல்லாரும் பேசுறாங்களா என்ன? அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

போன மாதம் அப்பா எங்கள் தெர்மகோல் காக்பிட்டைப் பார்க்க வந்தார். இடது ஸீட்டில் நான், வலது ஸீட்டில் அவர். முழங்கை இடித்தது. “இடம் கொஞ்சம் நெருக்கம்தான், கேட்டியா” என்றார்.

“இருக்கட்டும்ப்பா” என்றேன், அவர் முகத்தைப் பார்த்தபடி.